மேலாண்மைக் கல்வியில் பண்புசார் ஆய்வு முறைகள்

மேலாண்மைக் கல்வியில் பண்புசார் ஆய்வு முறைகள் என்பன நிறுவனங்களையும் அவற்றில் பணிபுரிவோரையும் எண்களைக் கொண்டு அல்லாமல், பேச்சு, செயல், ஆவணம், நேரடி அவதானிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆராயும் முறைகளைக் குறிக்கும். ஆழ்நிலை நேர்காணல், பங்கேற்பு அவதானிப்பு, இனவரைவியல், நேர்வு ஆய்வு, தரவில் வேரூன்றிய கோட்பாடு முதலியன இவற்றுள் அடங்கும். கருத்தாய்வு, சோதனை, புள்ளியியல் பகுப்பாய்வு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட அளவுசார் ஆய்வு இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பேசப்படுவது வழக்கம்.

இம்முறைகள் குறித்து மேலாண்மை ஆய்வாளர்களிடையே ஒருமித்த மனப்பாங்கு இல்லை. இத்துறையின் பெயர்பெற்ற நூல்கள் பலவும் பண்புசார் ஆய்வின் வழியே பிறந்தவை. எனினும் அதே துறையில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவர் ஒருவர் இம்முறையைத் தெரிவு செய்தால், "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்ற கேள்வியையே முதலில் எதிர்கொள்ள நேர்கிறது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, அதைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன கருதுகின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பொருள் விளக்கம்

ஓர் ஆலையில் தொழிலாளர்கள் அடிக்கடி வேலையை விட்டு விலகுகிறார்கள் எனக் கொள்வோம். அளவுசார் ஆய்வாளர் ஊதியம், பணிநேரம், மனநிறைவு ஆகியவற்றை அளவிடும் வினாநிரலைப் பல நூறு பேரிடம் கொடுத்து, எந்தக் காரணி விலகலுடன் எவ்வளவு தொடர்புடையது எனக் கணக்கிடுவார். பண்புசார் ஆய்வாளர் அந்த ஆலையில் சில மாதங்கள் தங்குவார். விலகியவர்களின் வீடுகளுக்குச் செல்வார். மேற்பார்வையாளர் பேசும் முறையையும், தேநீர் இடைவேளையில் யார் யாருடன் அமர்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்வார். முன்னவர் "எவ்வளவு" என்பதற்கும் பின்னவர் "எப்படி", "ஏன்" என்பனவற்றுக்கும் விடை தேடுகிறார் எனப் பாடநூல்கள் கூறும். இது முற்றிலும் சரியான பிரிவினை அன்று. பண்புசார் ஆய்வாளர்களும் எண்ணுவதுண்டு. வினாநிரலில் எந்த வினாக்கள் இடம்பெற வேண்டும் என்பதை முடிவுசெய்ய அளவுசார் ஆய்வாளர்களும் முதலில் யாருடனாவது பேசித்தான் ஆகவேண்டும்.

இங்கு அடிக்கடி ஏற்படும் ஒரு குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். மேலாண்மைப் பள்ளிகளின் வகுப்பறைகளில் பயன்படும் கற்பித்தல் நேர்வு வேறு, ஆய்வு நேர்வு வேறு. முன்னது மாணவர்களிடையே விவாதத்தைத் தூண்டுவதற்காக எழுதப்படுவது. அதில் விடை வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். பின்னது சான்றுகளைத் தொகுத்து ஒரு முடிவை நிறுவ முயல்வது. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால், நேர்வு ஆய்வு என்றாலே அது பாடம் நடத்துவதற்கான கதை என்ற எண்ணம் சிலரிடம் பதிந்துவிட்டது.

வரலாறு

ஹாதோர்ன் ஆய்வுகள்

அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகில் சிசரோ என்னும் ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலை இருந்தது. 1924 முதல் 1932 வரை இங்கு நடந்த ஆய்வுகள் மேலாண்மைப் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெறுபவை. இவை தொடக்கத்தில் அளவுசார் சோதனைகளாகவே அமைந்தன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே முதல் கேள்வி. ஒளிக்கும் உற்பத்திக்கும் இடையே ஒழுங்கான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. சில சமயம் ஒளியைக் குறைத்தபோதும் உற்பத்தி உயர்ந்தது.

இதன் பின்னர் 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. முதலில் முன்கூட்டியே வகுத்த வினாக்கள் கேட்கப்பட்டன. தொழிலாளர்களோ வினாவை விட்டு விலகி, தாங்கள் முக்கியமெனக் கருதியவற்றைப் பேசினர். எனவே ஆய்வாளர்கள் வினாநிரலைக் கைவிட்டு, பேசுபவர் போக்கிலேயே விட்டுக் கேட்கத் தொடங்கினர். அரை மணி நேரமாக இருந்த நேர்காணல் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது. முறை மாறியதும் கிடைத்த தகவலின் தன்மையும் மாறியது என்பதே இதிலுள்ள பாடம்.

அடுத்து 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண் தொழிலாளர்கள் ஒரு தனி அறையில் வேலை செய்ய, ஓர் அவதானிப்பாளர் அங்கேயே அமர்ந்து குறிப்பெடுத்தார். அவர்கள் தமக்குள் ஒரு நாள் உற்பத்தி அளவை வகுத்துக்கொண்டு அதை மீறாமல் இருந்தனர். மீறியவரைக் கேலி செய்தனர், தோளுக்குக் கீழே குத்தவும் செய்தனர். கூட வேலை செய்தால் கூடுதல் ஊதியம் என்ற ஏற்பாடு ஏன் பலனளிக்கவில்லை என்பது இதனால் தெரியவந்தது. இதை வினாநிரல் மூலம் கண்டறிந்திருக்க இயலாது. உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று எந்தத் தொழிலாளியும் நிர்வாகத்திற்கு எழுதிக்கொடுக்க மாட்டார். எல்டன் மேயோவின் பெயரோடு பெரிதும் இணைத்துப் பேசப்படும் இவ்வாய்வுகளின் விரிவான அறிக்கையை ரோத்லிஸ்பெர்கர், டிக்சன் ஆகியோர் 1939இல் நூலாக வெளியிட்டனர்.

அகமதாபாத் ஆலை ஆய்வு

இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும், முன்பு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட சுரங்க ஆய்வு புகழ்பெற்றது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் ஆய்வு மேற்கொண்டார். அங்குத் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த உற்பத்தி கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பணி என்ற முறையை மாற்றி, ஒரு சிறு குழு ஒரு தறித் தொகுதிக்குப் பொறுப்பேற்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டபோது, தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் விரைவாக ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தித் திறன் உயர்ந்து, துணிச் சேதம் குறைந்தது. ரைசின் நூல் 1958இல் வெளிவந்தது. பின்னர் எரிக் மில்லர் 1970இல் மீண்டும் அங்குச் சென்று பார்த்தபோது, குழுமுறை சில இடங்களில் சிதைந்தும் ஓரிடத்தில் பெரும்பாலும் நிலைத்தும் இருந்தது. ஒரே ஆலையை இத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்பது மேலாண்மை ஆய்வில் அரிது.

இத்தகைய மற்றொரு நிகழ்வும் உண்டு. டொனால்ட் ராய் 1944-45இல் சிகாகோ பகுதியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை செய்துகொண்டே ஆய்வுக் குறிப்புகள் எடுத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மைக்கேல் புராவோய் அவ்வாறே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது, அது ராய் வேலை செய்த அதே தொழிற்சாலை எனக் கண்டறிந்தார். உற்பத்தியைத் தொழிலாளர்கள் ஏன் கட்டுப்படுத்துகின்றனர் என்பது ராயின் கேள்வியாக இருந்தது. அவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக உழைக்கின்றனர் என்று புராவோய் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அவரது நூல் 1979இல் வெளிவந்தது.

எண்களை நோக்கிய திருப்பம்

1959ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அமெரிக்க வணிகப் பள்ளிகளின் தரம் தாழ்ந்துள்ளது, அவை தொழிற்பயிற்சிக் கூடங்களாக உள்ளன என்று கடுமையாகக் குறைகூறும் இரு அறிக்கைகள் அவ்வாண்டு வெளியாயின. ஒன்று ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டன், ஹோவெல் ஆகியோர் எழுதியது. மற்றது கார்னகி கார்ப்பரேஷனின் ஆதரவில் பியர்சன் எழுதியது. கணிதம், புள்ளியியல், நடத்தை அறிவியல் ஆகியவற்றின் அடிப்படையில் மேலாண்மைக் கல்வியை மாற்றியமைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். பல்கலைக்கழகத்தின் பிற துறைகளிடையே மதிப்புப் பெற வேண்டும் என்ற ஏக்கமும், ஃபோர்டு அறக்கட்டளை வழங்கிய நிதியும் சேர்ந்து வணிகப் பள்ளிகளை விரைவாக மாற்றின. பண்புசார் முறைகள் மீதான ஐயத்தின் வேர் பெரும்பாலும் இங்கு உள்ளது எனலாம். அவை தவறென்று நிறுவப்பட்டதால் ஒதுக்கப்படவில்லை. அறிவியல்போலத் தோன்றாதவற்றைத் துறை தன்னிடமிருந்து விலக்க விரும்பியதால் ஒதுக்கப்பட்டன.

எனினும் அம்முறை அற்றுப்போகவில்லை. கிளேசர், ஸ்ட்ராஸ் ஆகிய சமூகவியலாளர்கள் 1967இல் தரவில் வேரூன்றிய கோட்பாட்டை முன்வைத்தனர். கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் பின்தொடர்ந்து, 1973இல் ஒரு நூல் எழுதினார். மேலாளர் என்பவர் அமர்ந்து சிந்தித்துத் திட்டமிடுபவர் என்ற பழைய சித்திரத்தை அது உடைத்தது. அவர்களது செயல்களில் பாதி ஒன்பது நிமிடங்களுக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைக் கடந்தவை பத்து விழுக்காடு மட்டுமே.

1979 டிசம்பரில் "அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயன்ஸ் குவார்ட்டர்லி" என்னும் முன்னணி ஆய்விதழ், ஜான் வான் மானனைப் பொறுப்பாசிரியராகக் கொண்டு பண்புசார் முறைகளுக்கெனச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. அதில் எழுதிய மின்ட்ஸ்பெர்க், சிறிய மாதிரியைக் குறித்து வெட்கப்படத் தேவையில்லை என வாதிட்டார். உளவியலாளர் பியாஜே தம் சொந்தப் பிள்ளைகளை ஆராய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பது அவரது கேள்வி.

ஆய்வாளர்களின் மனப்பாங்கு

இப்பொருளை நேரடியாக ஆராய்ந்த பணிகளுள் குறிப்பிடத்தக்கது, பிரித்தானியாவில் கேத்தரின் காசெல், ஜிலியன் சைமன், அன்னா பியூரிங், ஃபில் ஜான்சன் ஆகியோர் மேற்கொண்டதாகும். அந்நாட்டின் பொருளாதார, சமூக ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் நடந்த இவ்வாய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. ஆய்விதழ் ஆசிரியர்கள், முனைவர் பட்டத் திட்டப் பொறுப்பாளர்கள், பண்புசார் ஆய்வாளர்கள், நிறுவனங்களில் பணிபுரியும் நடைமுறையாளர்கள் ஆகிய நான்கு தரப்பினரிடம் 45 நேர்காணல்கள் நடத்தப்பட்டன. பண்புசார் ஆய்வைப் பற்றிய மனப்பாங்கை அறியப் பண்புசார் முறையே கையாளப்பட்டது கவனிக்கத்தக்கது.

பண்புசார் ஆய்வு என்றால் என்ன என்பதிலேயே இத்தரப்பினரிடையே ஒற்றுமை இல்லை. எண் இல்லாத எதுவும் பண்புசார்ந்ததே எனச் சிலர் கொண்டனர். உலகை நோக்கும் மெய்யியல் நிலைப்பாடே அதன் அடையாளம் என வேறு சிலர் கருதினர். இம்முறையின் மதிப்பு பற்றிய கவலையும் பரவலாக வெளிப்பட்டது. மேலும் முக்கியமானது, முறையைப் பற்றிய மதிப்பீடு ஆய்வாளரின் திறமையைப் பற்றிய மதிப்பீட்டுடன் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடந்தது என்பதாகும். புள்ளியியல் ஆய்வு ஒன்று மோசமாக இருந்தால் அது அந்தக் கட்டுரையின் குறையாகக் கொள்ளப்படுகிறது. நேர்காணல் ஆய்வு ஒன்று மோசமாக இருந்தாலோ, அது பலரால் அம்முறையின் குறையாகவே பார்க்கப்படுகிறது. கணிதம் வராதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் இது என்ற ஏளனமும் இதன் இன்னொரு வடிவமே. இதற்கு விடையாக அக்குழுவினர் மேலாண்மை ஆய்வாளர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளையும் உருவாக்கினர். சைமனும் காசெலும் 2006இல் இத்துறைக்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழையும் தொடங்கினர்.

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் வலுவானவையும் உண்டு. நேர்காணலில் நூறு கூற்றுகள் கிடைத்தால் அவற்றில் எதைக் கட்டுரையில் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார். தம் கருத்துக்கு ஒத்தவற்றை மட்டும் அவர் பொறுக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி? ஒரு நிறுவனத்தில் கண்டது மற்றொன்றுக்குப் பொருந்துமா? இவற்றுக்கு விடையாக லிங்கன், குபா ஆகியோர் 1985இல், ஏற்புடைமை, நம்பகத்தன்மை போன்ற அளவுசார் அளவுகோல்களுக்கு இணையாக, பண்புசார் ஆய்வுக்கேற்ற தனி அளவுகோல்களை வகுத்தனர். மதிப்பாய்வாளர்கள் பலர் இவற்றை அறிந்திருந்தும் பழைய அளவுகோலையே பயன்படுத்துகின்றனர் என்பது பண்புசார் ஆய்வாளர்களின் நெடுநாளைய மனக்குறை.

இன்னொரு வாதம் துறையின் நலன் சார்ந்தது. ஜெஃப்ரி ஃபெஃபர் 1993இல் எழுதிய கட்டுரையில், முறைகளிலும் கேள்விகளிலும் உடன்பாடு உள்ள துறைகளே நிதியும் செல்வாக்கும் பெறுகின்றன, எனவே நிறுவன அறிவியலும் அத்தகைய உடன்பாட்டை எட்ட வேண்டும் என்றார். இதற்கு 1995இல் வான் மானன் அளித்த மறுமொழி கூர்மையானது. எல்லோரும் ஒரே நடையில் எழுத வேண்டும் என்ற கட்டாயமே துறையை வறுமைப்படுத்தும் என அவர் வாதிட்டார்.

இவ்விவாதம் மூத்த பேராசிரியர்களுக்கு ஒரு கருத்துப் போராகும். முனைவர் பட்ட மாணவர்களுக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை. களப்பணிக்கு ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் தேவைப்படும். நிறுவனம் இடையில் அனுமதியைத் திரும்பப் பெற்றால் உழைப்பு முழுதும் வீண். பணி நிரந்தரம் என்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட ஆய்விதழ்களில் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் இடங்களில், "முதலில் தரவுத்தொகுப்பைக் கொண்டு எழுது, நிரந்தரமானபின் களத்திற்குப் போ" என்ற அறிவுரை வழங்கப்படுவது இதனாலேயே.

ஆயினும் இதே ஆய்வாளர்களிடம் எந்தக் கட்டுரை சுவையானது என வினவினால் விடை வேறாக உள்ளது. "அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல்" இதழின் ஆசிரியர் குழுவினரிடம் இவ்வாறு கேட்டுப் பெற்ற முடிவுகளை பார்டுனெக், ரைன்ஸ், அயர்லாந்து ஆகியோர் 2006இல் வெளியிட்டனர். வெளியாகும் கட்டுரைகளில் பண்புசார் ஆய்வின் பங்கு சிறிதாக இருந்தும், சுவையானவை எனச் சுட்டப்பட்டவற்றில் அதற்குப் பெரிய இடம் கிடைத்தது. நியூயார்க் துறைமுக ஆணையம் தன் கட்டடங்களில் தங்கிய வீடற்றோர் பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டது என்பது பற்றி டட்டன், டுக்கெரிக் ஆகியோர் 1991இல் எழுதிய நேர்வு ஆய்வு அவற்றுள் ஒன்று.

நேர்வுகளின் எண்ணிக்கை பற்றிய விவாதம்

பண்புசார் ஆய்வாளர்கள் தமக்குள்ளும் ஒத்துப்போவதில்லை. கேத்தலீன் ஐசன்ஹார்ட் 1989இல், நேர்வு ஆய்விலிருந்து கோட்பாடு உருவாக்கும் வழியைப் படிப்படியாக விளக்கி, நான்கு முதல் பத்து நேர்வுகளை ஒப்பிடுவது பொருத்தமானது என்றார். டையர், வில்கின்ஸ் ஆகியோர் 1991இல் இதை மறுத்தனர். நேர்வுகளின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றிலும் ஆழம் குறைகிறது, துறையை மாற்றிய செவ்வியல் ஆய்வுகளோ ஒரே இடத்தை ஆழ்ந்து நோக்கி நல்ல கதையாகச் சொன்னவை என்பது அவர்கள் வாதம். நல்ல கதையும் வேண்டும், ஒப்பீட்டு ஒழுங்கும் வேண்டும் என ஐசன்ஹார்ட் மறுமொழி கூறினார். ஆய்விதழ்களைப் பொறுத்தவரை வெற்றி பெற்றது ஐசன்ஹார்ட்டின் வழியே. பின்னர் டென்னிஸ் ஜியோயா தம் கூட்டாளிகளுடன் 2013இல் விளக்கிய தரவு அடுக்கு முறையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டும் எழுதுவதற்கான வார்ப்புருக்கள்போல் ஆகிவிட்டதை ஆன் லாங்லி, அப்துல்லா ஆகியோர் 2011இலேயே சுட்டியிருந்தனர். வார்ப்புரு இருந்தால் மதிப்பாய்வாளரை நிறைவு செய்வது எளிது. களத்தில் கண்டது வார்ப்புருவுக்குள் அடங்காதபோது என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

கணினி மென்பொருட்கள்

ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய மென்பொருள் இத்துறையில் முன்னோடியாகும். அதன் வழிவந்த என்விவோ 1999இல் வெளியானது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அட்லஸ்.டிஐ மற்றொன்று. இவை ஆய்வு செய்வதில்லை. குறியிட்ட பத்திகளைச் சேமித்து, தேடித் தருகின்றன. நிறக் காகிதத் துண்டுகளையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு செய்த வேலையையே இவை விரைவாகச் செய்கின்றன. ஆயினும் மென்பொருளின் பெயரைக் கட்டுரையில் குறிப்பிட்டாலே ஆய்வு கறாரானது என்ற தோற்றம் ஏற்படுவதாகக் குறை கூறப்படுகிறது. இருவர் தனித்தனியே குறியிட்டு, ஒத்துப்போகும் அளவைக் கோஹனின் கப்பா என்னும் எண்ணால் காட்டும் வழக்கமும் இத்தகையதே. ஒரே கூற்றை இருவர் வேறாகப் பொருள் கொண்டால் அதை நீக்கவேண்டிய பிழை எனச் சிலரும், சிந்திக்கவேண்டிய தடயம் எனச் சிலரும் கொள்வர். 2023 முதல் அட்லஸ்.டிஐ போன்றவை மொழி மாதிரிகளைக் கொண்டு தாமே குறியிடும் வசதியையும் சேர்த்துள்ளன.

துறைவாரியான வேறுபாடு

நிதியியலில் இம்முறைகள் மிக அரிது. நிறுவன நடத்தை, வியூகம் ஆகியவற்றில் இவற்றுக்கு உறுதியான இடம் உண்டு. தகவல் அமைப்புகள் துறையில் கிளைன், மையர்ஸ் ஆகியோர் 1999இல் வகுத்த நெறிகள் பெரிதும் பயன்படுகின்றன. தொழில்நுட்பம் சார்ந்த இரு ஆய்வுகள் இங்குக் குறிப்பிடத்தக்கன. ஸ்டீபன் பார்லி 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை சி.டி. ஸ்கேன் கருவி இரு மருத்துவமனைகளில் மருத்துவருக்கும் கருவி இயக்குநருக்கும் இடையிலான உறவை வெவ்வேறு விதமாக மாற்றியது காட்டப்பட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்போரைப் பின்தொடர்ந்த ஜூலியன் ஓர் 1996இல் எழுதிய நூல், அவர்கள் கையேட்டைவிடத் தமக்குள் பகிரும் பழைய அனுபவக் கதைகளையே நம்பிப் பழுதைக் கண்டறிந்ததை விவரிக்கிறது. கையேடு எழுதியவர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது.

இந்தியாவில்

இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதல் இரண்டும் 1961இல் தொடங்கப்பட்டன. கொல்கத்தா கழகம் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியுடனும், அகமதாபாத் கழகம் ஹார்வர்டு வணிகப் பள்ளியுடனும் இணைந்து உருவாயின. முன்னது அளவுசார் முறைகளுக்கும் பின்னது நேர்வு முறைக் கற்பித்தலுக்கும் பெயர்பெற்றது இப்பின்னணியில்தான். அகமதாபாத் கழகத்தின் தொடக்ககால ஆசிரியரான கம்லா சௌத்ரி, அதற்கு முன்னர் அந்நகரின் ஜவுளி ஆய்வுச் சங்கத்தில் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய உளவியல் ஆய்வுகளை நடத்தியவர். இத்தகைய ஆலைக்கள மரபு இருந்தும், இந்திய மேலாண்மை முனைவர் பட்ட ஆய்வேடுகளில் வினாநிரலும் புள்ளியியல் மென்பொருளுமே பெருவழக்காக உள்ளன.

மொழி இங்கு ஒரு தனிச் சிக்கல். திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளி ஒருவர் தமிழில் பேசியது ஆங்கில ஆய்விதழில் ஆங்கில மேற்கோளாகவே அச்சாகும். "முதலாளி நல்லவர்தான்" என்பதில் உள்ள "தான்" என்ற இடைச்சொல் உறுதியையும் குறிக்கலாம், தயக்கத்தையும் குறிக்கலாம். மொழிபெயர்ப்பில் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். யூனிக்கோடு பரவுவதற்கு முன்னர் பகுப்பாய்வு மென்பொருட்களில் இந்திய எழுத்துகளைக் கையாள்வதும் கடினமாக இருந்ததால், மூலக் கூற்றை விட்டு ஆங்கில வடிவத்திலேயே குறியிடும் பழக்கம் வலுப்பெற்றது.

வெளிப்படைத்தன்மை பற்றிய விவாதம்

உளவியலில் பல சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அதே முடிவுகள் கிடைக்காததை அடுத்து, மேலாண்மையிலும் மூலத்தரவை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நேர்காணல் எழுத்துவடிவங்களை முழுமையாக வெளியிட்டால், பெயரை நீக்கினாலும் உடன் பணிபுரிவோர் பேசியவரை எளிதில் இனங்கண்டு கொள்வர். மேற்பார்வையாளரைக் குறைகூறிய தொழிலாளியின் வேலைக்கு அது ஆபத்தாகலாம். இதைக் கருத்திற்கொண்டு பிராட், கப்லான், விட்டிங்டன் ஆகியோர் 2020இல் எழுதிய கட்டுரை, வெளிப்படைத்தன்மையையும் திரும்பச் செய்தலையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது, ஆய்வாளர் தாம் செய்ததை விளக்குவது வேறு, பிறர் அதை மறுபடி செய்துகாட்டுவது வேறு என வேறுபடுத்தியது. இக்கட்டுரையை வெளியிட்டது, 1979இல் பண்புசார் முறைகளுக்குச் சிறப்பிதழ் கொண்டுவந்த அதே "அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயன்ஸ் குவார்ட்டர்லி" ஆகும்.